பழைய ஜீப் திருடு போகாமல் தடுக்க வீட்டிலேயே என்ன செய்யலாம்? டீசல் வண்டிக்கு 'கட் சுவிட்ச்' மட்டும் போதுமா?

வியாசர்பாடி, எம்.கே.பி. நகர், சர்மா நகர் பக்கம் இரவு 11 மணிக்கு மேல் ஒரு சுற்று வந்தால், வீட்டு வாசலிலும் தெரு முனையிலும் ஒட்டி ஒட்டி நிற்கும் வண்டிகளைப் பார்க்கலாம். காம்பவுண்டுக்குள் வண்டி நிறுத்த இடம் உள்ள வீடுகள் இங்கே குறைவு. பைக்கோ, ஆட்டோவோ, காரோ, பெரும்பாலான வண்டிகளுக்கு ராத்திரி தங்குமிடம் தெருதான்.

அந்த வரிசையில் ஒரு பழைய மகிந்திரா ஜீப்போ, மாருதி ஜிப்ஸியோ நின்றால் அதன் நிலைமை கொஞ்சம் வேறு. பக்கத்தில் நிற்கும் புது காருக்குக் கதவுப் பூட்டு, அலாரம், சரியான சாவி இல்லாமல் இன்ஜினை எழுப்பவிடாத 'இம்மொபிலைசர்' என்று பல பாதுகாப்புகள் உண்டு. பழைய ஜீப்பில் இவற்றில் எதுவுமே இல்லாமல் இருக்கலாம். கேன்வாஸ் கூரை போட்ட வண்டியாக இருந்தால், பூட்டுவதற்குக் கதவுகூட இருக்காது.

அதனால்தான் இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் காலங்காலமாகத் தாங்களே ஏதாவது ஒரு ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். மறைத்து வைத்த சுவிட்ச், ஸ்டீரிங்கில் சங்கிலி, கழற்றி எடுத்துப் போகும் ஒயர் எனப் பல வழிகள். இவற்றில் எது உண்மையில் வேலை செய்யும்? எது வெறும் மனத்திருப்தி? எதைச் செய்யவே கூடாது?

பழைய ஜீப்பை யார் திருடப் போகிறார்கள்?

"இந்தக் கட்டை வண்டியை யாரு சார் எடுத்துட்டுப் போகப் போறாங்க?" என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பழைய வண்டிக்கு இரண்டு வகையில் மதிப்பு உண்டு.

ஒன்று, வண்டியின் பாகங்கள். மகிந்திரா நிறுவனம் 1947-ல் வில்லிஸ் ஜீப்களை இந்தியாவில் பொருத்தி விற்கத் தொடங்கியது. அதன் வழியில் வந்த எம்.எம்.540, எம்.எம்.550, மேஜர், கமாண்டர் போன்ற வண்டிகள் இப்போது தயாரிப்பில் இல்லை. 1985-ல் அறிமுகமான ஜிப்ஸியும் நின்றுவிட்டது. தயாரிப்பு நின்றுபோன வண்டிக்கு நல்ல கியர்பாக்ஸ், ஆக்சில், 4 வீல் டிரைவ் பெட்டி கிடைப்பது வருடா வருடம் கடினமாகிறது. தேடுபவர்கள் அதிகம், கிடைப்பது குறைவு.

இரண்டாவது, முழு வண்டி. மலைப்பகுதித் தோட்டங்களிலும், கரடுமுரடான பாதைகளில் ஓட்டும் ஆர்வலர்களிடமும் பழைய 4 வீல் டிரைவ் ஜீப்புக்கு இன்னும் கிராக்கி இருக்கிறது.

ஆனால் காப்பீட்டுக் கணக்கில் நிலைமை தலைகீழ். இந்திய மோட்டார் டாரிஃப் அட்டவணைப்படி, 4 ஆண்டைத் தாண்டி 5 ஆண்டுக்குள் உள்ள வண்டிக்கே மதிப்பில் 50 சதவீதம் தேய்மானமாகக் கழிக்கப்படும். 5 ஆண்டுக்கு மேல் போனால், மதிப்பு என்ன என்பது காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வது. 25, 30 வயது ஜீப்புக்கு எழுதப்படும் தொகை, அதே நிலையில் இன்னொரு ஜீப் வாங்கப் போதுமானதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அதாவது, போனால் போனதுதான். அதனால் திருட்டு நடக்காமல் தடுப்பதுதான் இந்த வண்டிகளுக்கு முக்கியமான காப்பீடு.

பெட்ரோலுக்கும் டீசலுக்கும் என்ன வித்தியாசம்?

வண்டியில் கை வைப்பதற்கு முன் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

பெட்ரோல் இன்ஜினுக்கு ஒவ்வொரு நொடியும் மின்சாரம் வேண்டும். பிளக்கில் தீப்பொறி வராவிட்டால் இன்ஜின் ஓடாது. எனவே காயிலுக்குப் போகும் ஒயரை ஒரு ரகசிய சுவிட்ச் வழியாகத் துண்டித்தாலே வண்டி நின்றுவிடும்.

பழைய டீசல் இன்ஜின் அப்படி இல்லை. அதில் பிளக் தீப்பொறியே கிடையாது. காற்றை அழுத்தும்போது உண்டாகும் சூட்டில் டீசல் தானாகவே எரிகிறது. பம்ப்பை இன்ஜினே சுழற்றிக்கொள்ளும். ஒருமுறை ஓடத் தொடங்கிய பிறகு, பேட்டரியைக் கழற்றி எடுத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும் இன்ஜின்கள் இவை. அதனால்தான் பல பழைய டீசல் ஜீப்களில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் நிற்காது. டேஷ்போர்டில் உள்ள 'ஸ்டாப்' நாபை இழுத்துப் பிடித்தால்தான் நிற்கும்.

இதன் விளைவு என்ன? டீசல் ஜீப்பில் செல்ஃப் மோட்டார் ஒயரைத் துண்டித்து 'கட் சுவிட்ச்' வைத்தால், செல்ஃப் அடிப்பதை மட்டுமே அது தடுக்கும். நான்கு பேர் தள்ளினாலோ, வண்டி சரிவில் நின்றாலோ, கியரில் போட்டு கிளட்சை விட்டாலே இன்ஜின் உயிர் பெற்றுவிடும். பல ஆண்டுகளாக "என் வண்டியில ரகசிய சுவிட்ச் இருக்கு" என்று நிம்மதியாக இருக்கும் டீசல் ஜீப் உரிமையாளர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். டீசல் வண்டியில் தடுக்க வேண்டியது மின்சாரத்தை அல்ல, டீசலை.

உங்கள் வண்டி எந்த வகை? கண்டுபிடிப்பது எளிது. வண்டியை ஒரே இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, சாவியை மட்டும் ஆஃப் செய்யுங்கள். ஸ்டாப் நாபை இழுக்கும் வரை ஓடிக்கொண்டே இருந்தால், அது முழுக்க இயந்திர முறையில் நிற்கும் வகை. சாவியைத் திருப்பியதும் நின்றுவிட்டால், பம்ப்பில் டீசலை அடைக்கும் மின் வால்வு (சொலினாய்டு) அல்லது அதுபோன்ற மின் ஏற்பாடு இருக்கிறது என்று அர்த்தம்.

முதல் வேலை: பானெட்டைப் பூட்டுவது

உள்ளே எத்தனை ரகசிய சுவிட்ச் வைத்தாலும், பானெட்டை வெளியிலிருந்தே திறக்க முடிந்தால் அதற்குப் பயனில்லை. வில்லிஸ் வழியில் வந்த ஜீப்களில் பானெட்டின் இரண்டு பக்கமும் வெளியே தெரியும் கொக்கிகள்தான் இருக்கும். யார் வேண்டுமானாலும் கையால் தட்டித் திறக்கலாம். திறந்தால் பேட்டரி, செல்ஃப், டீசல் பம்ப் எல்லாம் கைக்கு எட்டும்.

இதற்குத் தீர்வு எளிது. கொக்கி இருக்கும் இடத்தில் பூட்டு மாட்டும் கொண்டி ஒன்றை இரண்டு பக்கமும் பொருத்தலாம். வெல்டிங் பட்டறையில் சின்ன வேலைதான். போல்ட் போட்டுப் பொருத்துவதாக இருந்தால், நட்டு பானெட்டுக்கு உள்பக்கம் வர வேண்டும். வெளியே இருந்தால் ஸ்பேனர் வைத்துக் கழற்றிவிடுவார்கள். வெல்டிங் செய்யும்போது பேட்டரி ஒயர்களைக் கழற்றிவிடுவது அவசியம். இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் கெட்டுப்போகலாம்.

வடசென்னையில் கடல் காற்றின் உப்பும் தூசியும் சேர்ந்து இரும்புப் பூட்டுகளைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பூட்டு வாங்குவது நல்லது. சாவித் துவாரத்துக்கு மூடி உள்ள பூட்டாக இருந்தால் இன்னும் நல்லது.

டீசல் ஜீப்பில் என்ன செய்யலாம்?

இயந்திர முறையில் நிற்கும் இன்ஜினாக இருந்தால், நல்ல வழி ஸ்டாப் கேபிளைப் பூட்டுவதுதான். நாபை இழுத்த நிலையில், அது திரும்ப உள்ளே போகாதபடி ஒரு கவ்வியும் பூட்டும் போடுவது. பம்ப்பின் ஸ்டாப் லீவர் 'நிறுத்து' நிலையிலேயே இருப்பதால் இன்ஜெக்டருக்கு டீசல் போகாது. செல்ஃப் அடித்தாலும் சரி, தள்ளினாலும் சரி, இன்ஜின் பிடிக்காது. கேபிளைப் பம்ப் பக்கம் கழற்றிவிட்டால் இந்தப் பூட்டு பயனற்றுப் போகும். அதனால்தான் பானெட் பூட்டு முதலில் வர வேண்டும்.

சொலினாய்டு உள்ள வண்டியாக இருந்தால், அதற்குப் போகும் ஒயரில் ரகசிய சுவிட்ச் வைக்கலாம். ஆனால் விவரம் தெரிந்த ஒருவர் பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர் இழுத்து சொலினாய்டைத் திறந்துவிட முடியும். இங்கேயும் பானெட் பூட்டு இல்லாமல் சுவிட்ச் மட்டும் போதாது.

டேங்கிலிருந்து வரும் டீசல் குழாயில் கையால் திருகும் வால்வு வைக்கும் பழக்கமும் உண்டு. கேட்க நன்றாக இருந்தாலும் இதில் மூன்று சிக்கல்கள் உள்ளன. வால்வை மூடினாலும் ஃபில்டரிலும் குழாயிலும் மிச்சமிருக்கும் டீசலில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகி, சிறிது தூரம் ஓடிய பிறகுதான் நிற்கும். அப்படி நின்றால் குழாயில் ஏர் பிடித்துவிடும்; பிறகு ஏர் எடுக்கும் வேலை உரிமையாளருக்குத்தான். மேலும், ரோட்டரி வகை பம்ப்களுக்கு டீசலே மசகு எண்ணெய். டீசல் இல்லாமல் பம்ப் சுழன்றால் தேய்மானம் ஏற்படும். எனவே ஸ்டாப் லீவரைப் பூட்ட முடிகிற வண்டியில் வால்வு தேவையில்லை.

ஜிப்ஸி போன்ற பெட்ரோல் வண்டிக்கு?

கார்புரேட்டர் ஜிப்ஸியில் காயிலுக்குப் போகும் பாசிட்டிவ் ஒயரில் ரகசிய சுவிட்ச் வைக்கலாம். பின்னாளில் வந்த எம்.பி.எஃப்.ஐ. ஜிப்ஸியில் டேங்கில் உள்ள மின்சார பெட்ரோல் பம்ப்பின் ரிலே ஒயரில் வைக்கலாம். பெட்ரோல் குழாயை வெட்டி நடுவில் வால்வு வைக்கும் வேலையைத் தவிர்ப்பது நல்லது. கசிவு ஏற்பட்டால் தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது.

சுவிட்ச் எங்கே, எப்படி என்பது முக்கியம். முழங்கால் இடித்தோ, குழந்தை கை பட்டோ ஆஃப் ஆகும் இடத்தில் இருக்கக் கூடாது. ஓடும்போது இன்ஜின் திடீரென நின்றால், வேக்யூம் பூஸ்டர் உள்ள வண்டியில் இரண்டொரு முறை மிதித்ததும் பிரேக் இறுகிவிடும். பவர் ஸ்டீரிங் இருந்தால் அதுவும் கனத்துவிடும். கன்டெய்னர் லாரிகள் போகும் எண்ணூர் விரைவுச் சாலையில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஒயர் இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றி விடாமல், கிரிம்ப் அல்லது சால்டர் செய்து, ஃபியூஸும் போட வேண்டும். செல்ஃப் மோட்டாரின் தடித்த கேபிளைச் சின்ன சுவிட்ச் வழியாகக் கொண்டுபோகவே கூடாது. அதில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், சுவிட்ச் உருகிவிடும். செல்ஃபைத் துண்டிப்பதாக இருந்தால், சாவியிலிருந்து சொலினாய்டுக்குப் போகும் மெல்லிய ஒயரில்தான் சுவிட்சும் ரிலேயும் வர வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய பெட்ரோல் வண்டிகளுக்கு இன்னொரு வழி, மூடியைத் திறந்து ரோட்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது. இது இன்று நேற்று வந்த யோசனை அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது, 1940-ல், எதிரிப்படை வந்திறங்கினால் வண்டிகளைக் கைப்பற்றிவிடக் கூடாது என்பதற்காக, நிறுத்திவிட்டுப் போகும் வண்டிகளை ஓட முடியாதபடி செய்துவிட்டுப் போக வேண்டும் என்று பிரிட்டனில் உத்தரவே போடப்பட்டது. ரோட்டரைக் கழற்றுவது அதற்கு அங்கீகரிக்கப்பட்ட வழிகளில் ஒன்று.

ராணுவ ஜீப்பிலும் இதே பிரச்சினை இருந்தது. போர்க்காலத்தில் தயாரான வில்லிஸ் ஜீப்களில் பிறகு சாவியே வேண்டாம் என்று வெறும் சுவிட்ச் வைத்தார்கள். அவசரத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம் என்பது வசதி. அதுவே திருட்டுக்கும் வசதி. பின்னாளில் அமெரிக்க ராணுவ வண்டிகளில் ஸ்டீரிங்கைச் சங்கிலியால் கட்டிப் பூட்டும் பழக்கம் நிலைத்தது.

பேட்டரி கட்-ஆஃப் எந்த அளவுக்கு உதவும்?

பேட்டரியின் எர்த் பக்கத்தில் கட்-ஆஃப் சுவிட்ச் வைத்து, அதன் திருகுச் சாவியைக் கையோடு எடுத்துப் போகலாம். லாரிகளுக்கு வரும் கனமான வகையை வாங்க வேண்டும். பழைய ஒயரிங்கில் மின்கசிவால் தீ பிடிக்கும் வாய்ப்பும் குறையும் என்பது கூடுதல் பயன்.

பெட்ரோல் வண்டிக்கு இது ஓரளவு நல்ல தடை. ஆனால் திருட வருபவர் சொந்தமாக ஒரு பேட்டரி கொண்டுவந்தால் இதையும் தாண்டலாம். டீசல் வண்டிக்கு, மேலே சொன்னபடி, இது பாதித் தடை மட்டுமே. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது கட்-ஆஃபைத் திருப்பக் கூடாது, ஆல்டர்னேட்டர் கெட்டுப்போகும்.

ஸ்டீரிங், பெடல், கியர்: கண்ணுக்குத் தெரியும் பூட்டு ஏன் தேவை?

ரகசிய சுவிட்ச் இருப்பது திருட வருபவருக்குத் தெரியாது. அதனால் அவர் டேஷ்போர்டைப் பெயர்த்து, ஒயரைப் பிய்த்துப் போட்டுவிட்டு, வண்டி கிளம்பாமல் திரும்பிப் போகலாம். வண்டி தப்பினாலும் செலவு உரிமையாளருக்குத்தான். கண்ணுக்குத் தெரியும் பூட்டுக்கு இங்கேதான் வேலை. "இதுல நேரம் ஆகும்" என்று பார்த்ததும் தோன்ற வேண்டும்.

பழைய ஜீப்கள் பலவற்றில் ஸ்டீரிங் லாக் கிடையாது. ஸ்டீரிங் வளையத்தையும் கிளட்ச் அல்லது பிரேக் பெடலையும் சேர்த்து இழுத்துக் கட்டும் தடித்த சங்கிலி மலிவான தீர்வு. ஸ்டீரிங் கால் சுற்றுகூடத் திரும்பாத அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். வளையத்தின் மெல்லிய கம்பியை மட்டும் நம்பாமல், நடுவில் வரும் குறுக்குக் கம்பியையும் சேர்த்துக் கட்டுவது நல்லது.

கியர் லாக் இன்னொரு நல்ல தடை. தரையோடு போல்ட் போட்டு, ரிவர்ஸ் கியரில் வைத்துப் பூட்டும் வகை சந்தையில் கிடைக்கிறது. லேத் பட்டறையிலும் செய்துகொள்ளலாம்.

4 வீல் டிரைவ் வண்டிக்கு மட்டும் உள்ள ஒரு வசதியும் இருக்கிறது. கூடுதலாக உள்ள சின்ன லீவரை 'லோ' நிலையில் வைத்து, ரிவர்ஸ் கியரும் போட்டுப் பூட்டினால், வண்டியைத் தள்ளி நகர்த்துவதும் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் மிகவும் கடினம். சிலர் அந்த லீவரை 'நியூட்ரல்' நிலையில் வைத்துப் பூட்டுகிறார்கள். இன்ஜின் ஓடினாலும் வண்டி நகராது என்பது உண்மைதான். ஆனால் அந்த நிலையில் கியர் போட்டிருந்தாலும் வண்டி நிற்காது, சரிவில் உருளும். கட்டி இழுத்துப் போவதும் சுலபம். அதனால் நியூட்ரலைவிட லோ நல்லது. எப்படி வைத்தாலும் ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்துக்குக் கட்டையும் அவசியம்.

சக்கரத்தோடு தூணைச் சேர்த்துச் சங்கிலி போடுபவர்கள், ஸ்டீரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவைக்க வேண்டும். காலை அவசரத்தில் மறந்து வண்டியை எடுத்தால் பிரேக் குழாய் பிய்ந்துபோகலாம்.

ஸ்டெப்னி, பேட்டரி, டீசல்: பாகங்களை எப்படிக் காப்பது?

முழு வண்டியும் போக வேண்டியதில்லை. பின்னால் தொங்கும் ஸ்டெப்னி, ஜெர்ரி கேன், பேட்டரி, டேங்கில் உள்ள டீசல் ஆகியவை ஐந்து நிமிட வேலை.

ஸ்டெப்னியின் ஒரு நட்டுக்குப் பதிலாகத் தனிச் சாவி வேண்டிய லாக் நட்டு போடலாம். ரிம் துளை வழியாகச் சங்கிலியும் போடலாம். டேங்க் மூடிக்குப் பூட்டு வேண்டும். பேட்டரியின் மேல் இரும்புப் பட்டை வைத்துப் பூட்டலாம். பட்டை டெர்மினலில் படாமல் இருக்க ரப்பர் உறை தேவை.

கண்ணாடி, விளக்கு, ரிம், ஜெர்ரி கேன் ஆகியவற்றில் வண்டி எண்ணைப் பொறித்துவைப்பதும் பலன் தரும். எண் பொறித்த பாகத்தை விற்பது கடினம். ஆனால் சேஸிஸ் எண், இன்ஜின் எண் இருக்கும் இடத்தில் கை வைக்கக் கூடாது. துரு பிடித்திருந்தால் மெல்லத் துடைத்து, தெளிவாகப் படம் எடுத்து, காகிதத்தில் பென்சில் தடமும் எடுத்துவைத்துக்கொள்ளலாம். மங்கிப்போன எண்ணைத் தானாக மறுபடி பொறிப்பது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

அலாரமும் ஜி.பி.எஸ். கருவியும் பயன்படுமா?

பானெட் திறந்தால் ஹாரன் அடிக்கும்படி ஒரு சின்ன பின் சுவிட்ச், ஒரு ரிலே, தனி ஹாரன் ஆகியவற்றை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துப் பொருத்தலாம். வீடுகள் நெருங்கிய தெருவில் சத்தத்துக்குப் பலன் உண்டு. ஆனால் ஆம்புலன்ஸ், போலீஸ் சைரன் போலப் பல சுருதியில் ஒலிக்கும் கருவியை வண்டியில் பொருத்தக் கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் அதைச் சில வகை வாகனங்களுக்கு மட்டுமே அனுமதிக்கின்றன.

ஜி.பி.எஸ். கருவி திருட்டைத் தடுக்காது, நடந்த பிறகு வழி காட்டும். பேட்டரி கட்-ஆஃப் வைத்திருப்பவர்கள், உள்ளே தனி பேட்டரி உள்ள கருவியாகப் பார்த்து வாங்க வேண்டும். புளூடூத் முறையில் இயங்கும் சிறு டேக்குகள், அருகில் போகும் மற்றவர்களின் போன்கள் வழியாக இடத்தைச் சொல்லும். மக்கள் நெருக்கமுள்ள வடசென்னையில் இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கூடவே நகரும் அந்நிய டேக் பற்றி இன்றைய போன்கள் எச்சரிக்கை தருவதால், திருடியவருக்கும் அது தெரிந்துவிடலாம்.

கருவி இடத்தைக் காட்டினாலும் தனியாகப் போய் வண்டியை மீட்கப் பார்க்கக் கூடாது. அந்தத் தகவலைப் போலீசாரிடம் கொடுப்பதே பாதுகாப்பு.

ரகசியம் யாருக்குத் தெரிய வேண்டும்?

ரகசிய சுவிட்ச் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருப்பது பாதுகாப்பு போலத் தோன்றும். ஆனால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வியாசர்பாடி உட்பட வடசென்னையின் பல தெருக்களில் தண்ணீர் தேங்கியது. அப்படியொரு நேரத்தில் வண்டியை மேடான இடத்துக்கு நகர்த்த வேண்டும் என்றால், உரிமையாளர் ஊரில் இல்லாதபோது யார் எடுப்பது? குறுகலான தெருவில் ஆம்புலன்ஸ் நுழைய வழிவிட வேண்டும் என்றால்?

வீட்டில் இன்னொருவருக்காவது முழு முறையும் தெரிந்திருக்க வேண்டும். ஒருமுறை செய்து பார்த்திருக்கவும் வேண்டும். மாற்றுச் சாவிகள் வீட்டில் ஒரே இடத்தில் இருக்கட்டும். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் உயரத்தில், சீட்டுக்கு அடியில், சுவிட்சையோ கட்-ஆஃபையோ வைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

நிறுத்தும் இடத்தையும் யோசிக்கலாம். சுவரைப் பார்த்து முன்பக்கம் ஒட்டி நிறுத்தி, சக்கரத்தை ஓரமாகத் திருப்பி வைத்தால், ஓட்டவோ இழுக்கவோ கூடுதல் நேரம் பிடிக்கும். தெருவிளக்கும் ஏதாவது ஒரு வீட்டின் கேமராவும் படும் இடமாக இருந்தால் நல்லது. சரிவில் நிறுத்துவது டீசல் ஜீப்புக்கு நல்லதல்ல.

செய்யவே கூடாதவை என்னென்ன?

வண்டி உடலில் ஷாக் அடிக்கும்படி ஒயர் கொடுப்பது, பிளேடு அல்லது ஆணியை மறைத்து வைப்பது போன்றவை திருட்டுத் தடுப்பு அல்ல, குற்றம். பந்தை எடுக்க வரும் சிறுவனுக்கும், மழைக்கு ஒதுங்குபவருக்கும் அது தெரியாது. சொத்தைக் காக்கும் உரிமை சட்டத்தில் உண்டு. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்ய அந்த உரிமை இடம் தராது என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 37-வது பிரிவு.

வீட்டு ஏற்பாட்டுக்குக் காப்பீட்டில் சலுகை கிடைக்குமா?

கிடைக்காது. திருட்டுத் தடுப்புக் கருவிக்கு டாரிஃபில் சொந்தச் சேத பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் தள்ளுபடி உண்டு. ஆனால் அது புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. அமைப்பு அங்கீகரித்த கருவிகளுக்கு மட்டும்.

அதைவிட முக்கியம், எந்த பாலிசி என்பது. சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீட்டில் திருட்டுக்கு இழப்பீடு கிடையாது. விரிவான பாலிசி அல்லது திருட்டையும் சேர்த்த பாலிசி வேண்டும். பழைய வண்டிக்கு "தேர்ட் பார்ட்டி போதும்" என்று எடுத்தவர்கள் இதைச் சரிபார்க்க வேண்டும். 15 ஆண்டு முடிந்த தனியார் வண்டியின் பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அது காலாவதியாகி இருந்தால் இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும்.

திருடு போய்விட்டால் உடனே என்ன செய்ய வேண்டும்?

முதலில் 112 அல்லது 100-ஐ அழைத்து வண்டி எண், நிறம், தனி அடையாளங்களைச் சொல்ல வேண்டும். பிறகு காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி, எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். "இது எங்க எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. மின்னணு முறையிலும் தரலாம், ஆனால் 3 நாளுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும்.

வண்டியில் ஃபாஸ்டேக் இருந்தால் உடனே முடக்க அவசரப்பட வேண்டாம். வண்டி நல்லூர் போன்ற ஒரு சுங்கச்சாவடியைத் தாண்டினால் பணம் பிடித்த குறுஞ்செய்தி வரும். எந்தத் திசையில் போனது என்பதற்கு அது ஒரு தடயம். வந்த செய்தியைப் போலீசாரிடம் காட்டி, அவர்கள் சொல்வதைப் பொறுத்து முடக்கலாம். தெருவில் உள்ள கேமரா பதிவுகளை அன்றே கேட்டு வாங்குவது நல்லது. பழைய பதிவுகள் சில நாளில் அழிந்துவிடும்.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றே தகவல் சொல்ல வேண்டும். தாமதமானால் எல்லாம் போயிற்று என்று அர்த்தம் இல்லை. போலீசில் உடனே புகார் செய்திருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் குர்ஷிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 3 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. வண்டி கிடைக்காவிட்டால், 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற போலீஸ் அறிக்கை இழப்பீட்டுக்குத் தேவைப்படும்.

எதிலிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. வரிசை இப்படி இருக்கலாம்:

1. பானெட்டுக்கு இரண்டு பக்கமும் பூட்டு.

2. டீசல் என்றால் ஸ்டாப் கேபிள் பூட்டு அல்லது சொலினாய்டு ஒயரில் சுவிட்ச். பெட்ரோல் என்றால் காயில் அல்லது பம்ப் ரிலே ஒயரில் சுவிட்ச்.

3. ஸ்டீரிங் சங்கிலி அல்லது கியர் லாக்.

4. சேஸிஸ் எண், ஆர்.சி., பாலிசி ஆகியவற்றின் படங்கள் போனிலும் வீட்டிலும்.

5. கடைசியாக ஜி.பி.எஸ்.

இவற்றில் எதுவுமே தனியாக நின்றால் தாண்ட முடியாத தடை அல்ல. ஒவ்வொன்றும் திருட வருபவருக்குச் சில நிமிடங்களைக் கூட்டுகிறது. ஆள் நடமாட்டம் உள்ள தெருவில் அந்தச் சில நிமிடங்களே வண்டியைக் காப்பாற்றப் போதுமானதாக இருக்கலாம். டீசல் ஜீப் வைத்திருப்பவர்கள் இன்று இரவே செய்து பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இன்ஜின் ஓடும்போது சாவியை ஆஃப் செய்து பாருங்கள். அது நிற்காவிட்டால், நீங்கள் சட்டைப் பையில் வைத்திருக்கும் சாவியால் மட்டும் உங்கள் வண்டியைக் காக்க முடியாது.